பலகாரத் தட்டை நகர்த்தியவள்

எங்கள் தொழிற்சாலையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் 'முரட்டக்கா'. பதினோரு வருடமாகக் கேன்டீனில் சமைக்கிறாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. தம்பி என்பதால் எனக்குச் சலுகையும் கிடையாது.

நான் கிரேன் ஓட்டுபவன். போன மாதம் என் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் கிரேனில் ஏறக்கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது. பயந்துபோனேன்.

அக்கா உபதேசமே செய்யவில்லை. எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை இருபதே நிமிடம். பசியில் வரிசையில் முதலில் கைக்கு எது சிக்குகிறதோ அதைத்தான் எடுப்போம். இது அவளுக்கு அத்துப்படி. வரிசையின் தொடக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பலகாரத் தட்டைத் தூக்கிக் கடைசி ஜன்னலோரம் வைத்தாள். அந்த இடத்துக்கு அவித்த பயறும் வெள்ளரிக்காயும் கீரையும் வந்தன. மேசைகளிலிருந்த உப்பு டப்பாக்களும் காணாமல் போயின. தினமும் என்னோடு உட்கார்ந்து அதே பயறைத் தின்றாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம். இடைவேளையில் எந்தக் காகிதம் சுற்றி வந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். கேட்டால் ஒற்றுமை என்போம். அப்படி ஒன்று வந்தது, போட்டேன்.

மறுநாள் கேன்டீன் காண்ட்ராக்டர் அதே காகிதத்தோடு வந்து சாப்பாட்டு வரிசையை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, பலகாரத் தட்ட பழைய எடத்துலயே வைக்கச் சொல்லி நாப்பது பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. இங்க பாரு, உன் தம்பியே போட்டிருக்கான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா காகிதத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது ஒரு கணம்தான்.

"போட்டா போட்டுட்டுப் போறான். பலகாரம் வேணும்னா பத்தடி நடக்கட்டும், நான் ஒளிச்சா வச்சிருக்கேன்? தட்டு நகராது சார்."

"அப்ப நாளைலேருந்து வேற ஆளப் பாத்துக்கறேன்."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். காகிதத்தை வாங்கி, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்து என் பெயரை அடித்தேன்.

"படிக்காம போட்டுட்டேன் சார். அக்காவ அனுப்பினா நானும் இங்க சாப்பிட வரமாட்டேன்."

பின்னால் நின்ற வெல்டர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.

காண்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் பயறை அள்ளி என் தட்டில் போட்டுவிட்டாள்.

"நாளைக்கி நடக்கறத நாளைக்கிப் பாத்துக்கலாம் சார். இப்ப வழிய விடுங்க, எல்லாரும் பசியோட நிக்கறாங்க."