ஆடியில் மாற்ற வேண்டிய பேட்டரி

சர்வரின் முன்பக்கத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு விளக்கு. ஸ்டூடியோ பாயை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அது மஞ்சளாக எரிந்துகொண்டிருந்ததுதான். குருசுக்குப்பம் போகும் வழியில் அவர் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே வீடியோக்கள் இருக்கும் சர்வரைப் பராமரிப்பது என் வேலைகளில் ஒன்று.

மஞ்சள் என்றால், சர்வருக்குள் டிஸ்க்குகளை நடத்தும் கன்ட்ரோலரின் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். கன்ட்ரோலர் வேகத்துக்காக ஒரு காரியம் செய்யும். கோப்பு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் முன்பே அதைத் தன் கேஷ் என்னும் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதி முடித்ததாகச் சொல்லிவிடும். கரண்ட் போனால் அந்த நினைவகத்தைக் காப்பது பேட்டரி. பேட்டரி இல்லாவிட்டால் நேராக டிஸ்க்கில் எழுதும்படி அமைக்க வேண்டும். வேகம் குறையும், ஆனால் பொருள் தங்கும். நான் அப்படித்தான் அமைத்துவிட்டு வருவேன். முகூர்த்த மாதம் வந்ததும் பாய் அதைத் திருப்பி மாற்றிவிடுவார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க வாசல்ல நிக்கிறாங்கம்மா. ஆடியில கல்யாணமே கெடையாது, அப்ப பேட்டரிய மாத்திக்கலாம். ரெண்டு கன்ட்ரோலர ஜோடி போட்டுக் குடுத்திருக்கியே, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பாத்துக்காதா?"

"ரெண்டுக்கும் கரண்ட் ஒண்ணுதானே பாய்?"

"இந்த வாய வெச்சிக்கினு ஒருத்தன் கையில மாட்டப் போற. அவன் பாவம்மா, கல்யாண வீடியோவ ஓசியிலயே எடுத்துத் தரேன்."

முன்பு ஒருமுறை சொன்னபடியே ஆடியில் மாற்றியவர்தான். இந்த ஆடியில் அவர் மனைவியுடன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேட்டரியை யாரும் நினைக்கவில்லை. ஆடி முடிவதற்குள் அந்த அம்மா இறந்துவிட்டார்.

ஊரார் கல்யாணங்களையெல்லாம் எடுத்தவரிடம் மனைவியின் வீடியோக்கள் மிகச் சிலவே இருந்தன. ஒன்றை எனக்குக் காட்டினார். நோணாங்குப்பம் படகில் காற்று முந்தானையை இழுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேமராவைப் பார்த்துத் திட்டுகிறார். ஐப்பசியில் ஒரு மழைநாளில், பழைய டிஸ்க்கில் இருந்த அவற்றையெல்லாம் பாய் சர்வருக்கு மாற்றினார். ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நம்பினார். பிறகு பழைய டிஸ்க்கை அழித்து, ஒரு கல்யாண வேலைக்கு எடுத்துக்கொண்டார். கேஷ் அப்போதும் முகூர்த்த அமைப்பில்தான் இருந்தது. அன்று மாலை கரண்ட் போனது. தரையில் இருந்த யூபிஎஸ்ஸுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு கன்ட்ரோலர்களும் ஒன்றாக அணைந்தன. எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையும் கேஷிலேயே அழிந்தது.

கல்யாணங்களைக் கேமரா கார்டுகளிலிருந்து மீட்டோம். மற்றதற்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் வரிசையாக முயன்றேன், சென்னைக்கும் அனுப்பினேன். திரும்பி வந்தது கொஞ்சம் தண்ணீரும் முந்தானையின் ஓரமும்தான். குரல் இல்லை.

போன வாரம் போயிருந்தேன். புதுப் பேட்டரி, சரியான அமைப்பு, விளக்கு பச்சை. பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எதுவும் போவாதுல்ல?"

"போவாது பாய்."

"படகுல அவ என்னமோ சொல்வாளே. நீ பாத்தியே. வார்த்த முன்னபின்ன ஆயிடுது எனக்கு. ஒரு தடவ சொல்லும்மா."

"அந்தக் கேமராப் பொட்டிய மூடிட்டு, மனுசனா பக்கத்துல வந்து ஒக்காருங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். வார்த்தைகள் சரிதான், குரல் என்னுடையது. அவர் கண்ணைத் திறந்தபோது அந்த விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.