கூறைச் சேலையும் பைப்பூச்சியும்

கிளேபாங்கிலிருந்து நாத்தனார் போன் செய்து, தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு என் கூறைச் சேலையைக் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "அய்யோ, அது பூச்சி அரிச்சிருச்சு லா!" என்று சொல்லிவிட்டேன்.

சேலை அலமாரி மேல் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நான் ஒன்றும் கஞ்சப்பிசினாரி இல்லை. முன்பு இவளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தேன்; அது சம்பால் மிளகாய்க் கறையோடு திரும்பி வந்தது. கேட்டால், "கறையா? டிசைன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள். கிட்னியைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன்.

"என்ன பூச்சி அண்ணி?" லேசில் விடமாட்டாள். நல்லவேளையாக, பாச்சாங்கில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பூசணி விதை மாதிரி தட்டையான சாம்பல் பை, அதற்குள் ஒரு புழு. அதன் மேல் பழியைப் போட்டேன்.

பிறகு வாரா வாரம் போனில் விசாரணை. பதில் சொல்வதற்காகவே வேலை முடிந்து வந்து சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புழு தலையை மட்டும் நீட்டி, தன் பை வீட்டையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது. வீட்டுக்கு இரண்டு வாசல். ஒரு பக்கம் ஈர்க்குச்சியால் தொட்டால், உள்ளேயே திரும்பி மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது. கிடைக்கிற தூசி, நூல், முடியை எல்லாம் தன் இழையால் ஒட்டி வீட்டை நீட்டிக்கொள்கிறது. குளியலறை மூலையில் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடந்து, ஒரு நாள் சின்ன அந்துப்பூச்சியாகப் பறந்தது.

"புழுகூட சொந்த வீடு கட்டிருச்சு," என்று என் கணவரைக் குத்தினேன். நாங்கள் இன்னும் வாடகை வீடுதான்.

"அது தனியா இருக்குது லா," என்றார் அவர்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அவள் சொன்னாள்: "கரை நல்லாத்தானே இருக்கும்? ஞாயித்துக்கெழம வந்து அத மட்டும் வெட்டிக்கிறேன் அண்ணி. பொண்ணு பிளவுஸுல வெச்சுத் தச்சுக்கலாம்."

மாட்டிக்கொண்டேன். ஞாயிறு காலை கத்தரிக்கோலும் கையுமாகப் பெட்டியை இறக்கினேன். உள்மடிப்பில் நாலைந்து ஓட்டை போட்டால் போதும் என்று கணக்கு. மூடியில் ஒரு பை ஒட்டியிருந்தது. சாம்பல் இல்லை, அரக்குச் சிவப்பு. என் சேலையின் நிறம்.

திறந்தேன். மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. ஜரிகை மட்டும் கம்பி கம்பியாக மிஞ்சியிருந்தது. பத்துப் பன்னிரண்டு புழுக்கள் என் கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவே அரிச்சிருச்சா? குடுக்க மனசில்லாம பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன் அண்ணி. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க." அவளும் அழுதாள்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும், "பரவால்லம்மா, விடு," என்று பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.