இரண்டு தண்ணீர்க் குழாய்

இன்று வெள்ளிக்கிழமை லீவு. குவைத்தில், ஃபர்வானியாவில் பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீஷ் காமிக்ஸ் வாங்கினேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லும் புத்தகம்.

ரூமில் முருகேசன் அதை எடுத்துப் புரட்டினான். எங்கள் ஊர்க்காரன்தான். நான் மேலத்தெரு, அவன் காலனி. இங்கே அதெல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது. ஆறு வருஷமாக ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு படத்தில் விரலை வைத்தான். சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். ஒன்றில் வெள்ளைக்காரர் குடிக்கிறார், தள்ளியிருக்கும் இன்னொன்றில் கறுப்பர்.

"இதை யாரும் படிச்சுச் சொல்ல வேணாம்" என்றான்.

படத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னான். "போன லீவுல உங்க வீட்டுக்குப் பார்சல் கொண்டு போனேன்ல, குடிக்கத் தண்ணி கேட்டேன். உங்கம்மா கையில ஊத்துனாங்க."

அன்று அம்மா போனில், "உன் கூட்டாளி வந்துச்சுப்பா, நல்லாக் கவனிச்சு அனுப்புனோம்" என்றார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா எங்கூட உக்காந்து சாப்பிட உனக்குக் கூச்சமாயிரும்ல."

அடுத்த வாரம் மறுபடி லீவில் போகிறான். "அம்மாவுக்கு ஏதாச்சும் குடுத்து விடுறியா?" என்று இன்றும் அவன்தான் கேட்கிறான்.

இந்தக் காமிக்ஸையே கொடுத்துவிடலாம். அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, படம் பார்த்தால் போதும். ஆனால் அதைக் கொண்டுபோய் வெயிலில் எங்கள் வாசலில் நிற்கப்போவதும் அவன்தானே.

என்ன கொடுத்துவிட, நீங்களே சொல்லுங்கள்.