சத்தம் உறிஞ்சும் பலகையும் பக்கத்து வீட்டுச் சுவரும்

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டில் ஓடிய பாட்டு அக்காவுக்குக் கேட்டதா, இல்லையா? நான்கு மாதமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் கேட்டிருக்காது என்று தோன்றும். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கேட்காமல் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும். கையிலிருக்கிற பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நிற்பேன்.

நாங்கள் இருப்பது மலையகத்தில், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து இரட்டை வீட்டில். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்தப் பக்கத்தில் அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள், அவரை அண்ணன் என்போம். எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் என் மகள் பிறந்ததிலிருந்து அவளை வளர்ப்பது பாதி அக்காதான். இடுப்பு வலி வந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும்போது மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். மூன்றரை வயது. நெஞ்சில் இழுப்பு உண்டு. மழைக் காலத்தில் காலையும் மாலையும் நெபுலைசர் மெஷினில் மருந்து பிடிக்க வேண்டும். காலையில் அக்கா பிடிப்பார், மாலையில் நான்.

என் கணவர் ஆறு வருடம் கட்டாரில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் படம் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் அவருக்கு ஒரே ஆசை. மனைவி பிள்ளையோடு உட்கார்ந்து, நல்ல சத்தத்தில் படம் பார்க்க ஒரு அறை. உள் அறையை அதற்கென்று ஒதுக்கினோம். அந்த அறையின் ஒரு சுவர்தான் எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் பொதுச் சுவர்.

அந்தச் சுவருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. டீவியின் சத்தம் கூடினால் அண்ணன் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். நாங்கள் குறைத்துவிடுவோம். மறுநாள் பைப்படியில் பார்த்தால், "ஏன் தம்பி, நேத்து வில்லன் செத்தானா இல்லயா? நான் தூங்கிப் போயிட்டேன்" என்பார். கோபமே வராத மனுஷர். முப்பது வருடம் தேயிலை ஸ்டோரில், மெஷின்களுக்கு நடுவில் வேலை செய்தும் காது மட்டும் கூர்மையாக இருந்தது.

தியேட்டர் அறை என்றதும் முதலில் அவர்தான் வந்தார்.

"என்ன தம்பி, பல்கனி டிக்கெட்டு இருக்கா?"

"உங்களுக்கு இல்லாததா அண்ணே?"

"காசெல்லாம் குடுக்க மாட்டேன். இத்தன வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஓசில படம் கேட்டவன் நான்."

"அதுக்குத்தாண்ணே பலக அடிக்கப் போறோம். இனி ஓசி கெடையாது" என்றார் என் கணவர்.

பலகையைத் தேர்ந்தெடுப்பது என் தலையில் விழுந்தது. "நீதானே படிச்சவ, நீயே பாத்து எடு" என்று சொல்லிவிட்டு அவர் வயர் இழுக்கப் போய்விட்டார். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். ஹட்டனில் ஒரு கடைக்காரர், "ஃபோம்தான் மிஸ், எல்லாரும் அதத்தான் எடுக்குறாங்க" என்றார். இன்னொருவர், "ஃபோமா? ஒரு மழைக்குத் தாங்காது" என்றார். கொழும்பில் ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். அவர்கள் ரொக்வூல் என்றார்கள். அது கல்லை உருக்கி நூலாக்கிய கம்பளியாம், துணி சுற்றி வரும் என்றார்கள். துணி கிழிந்தால் அந்தத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகாதா என்று கேட்டேன். "துணி கிழியாது" என்று பதில் வந்தது. என் பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது. திரைச்சீலையையே பல்லால் கடித்து இழுப்பவள்.

கடைசியில் மூன்று மாதிரித் துண்டுகளை வரவழைத்தேன். சாம்பல் நிற ஃபோம் ஒன்று, துணி சுற்றிய ரொக்வூல் ஒன்று, கம்பளியை அழுத்திச் செய்த பலகை போல ஒன்று. மூன்றையும் உள் அறைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டேன். அப்போது விடாத மழை. இரண்டு வாரம் தினமும் காலையில் போய் அவற்றை முகர்ந்து பார்த்தேன். ஃபோமில் ஐந்தாம் நாளே ஈர நாற்றம். பத்தாம் நாள் ஓரத்தில் கறுப்பாகப் புள்ளி. ரொக்வூலைத் தொட்ட பிறகு கை அரித்தது, அல்லது அரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. என் கணவர் வாசலில் நின்று, "டீச்சர், பரீட்ச எப்ப முடியும்? ரிசல்ட்டு வருமா வராதா?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். பிள்ளைக்கு இழுத்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது நான்.

கம்பளிப் பலகையைத்தான் எடுத்தோம். நாற்றம் இல்லை, தூள் இல்லை, ஈரத் துணியால் துடைக்கலாம். கொப்பியில் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். இப்போது அந்தக் கொப்பியைப் புரட்டினால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. பூஞ்சணம் பற்றி எழுதியிருக்கிறேன், நிறம் பற்றி எழுதியிருக்கிறேன், தீப்பிடிக்குமா என்றுகூட எழுதியிருக்கிறேன். சத்தம் அந்தப் பக்கம் போகுமா என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒரு பக்கத்திலும் எழுதவில்லை. சத்தத்தை உறிஞ்சும் பலகை என்றால் சத்தம் அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு போயா விடுமுறையில், பௌர்ணமியன்று, அடித்து முடித்தோம். பலகை அடிப்பதற்கு முன் அந்த அறையில் கை தட்டினால் டணார் என்று சுவரில் மோதித் திரும்பி வரும். அடித்த பிறகு தட்டினால் ஒரு மொட்டைச் சத்தம், அவ்வளவுதான். அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டோம். அண்ணன் அறை நடுவில் நின்று பலமாகக் கை தட்டிப் பார்த்தார்.

"அட, கை இருக்கு, சத்தத்தக் காணோம்! ஏ புள்ள, நீயும் தட்டிப் பாரு."

அக்கா வெட்கத்தோடு தட்டினார்.

"இனிமே எனக்குச் சுவத்துல தட்டுற வேல இல்ல" என்றார் அண்ணன். "ரிட்டயர் பண்ணிட்டாங்க."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை படம் போட்டோம். இரண்டு தடவையும் அண்ணனும் அக்காவும் எங்களோடு உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுச் சொல்ல யாருமே இருக்கவில்லை. இது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். காலையில் ஸ்டோருக்குப் போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், கருமாதி முடியும்வரை அக்கம் பக்கத்து வீடுகளில் டீவி, ரேடியோ போட மாட்டார்கள். யாரும் வந்து சொல்வதில்லை. தப்பு மேளச் சத்தம் அடங்கி, ஆட்கள் கலைந்த பிறகும் அந்த அமைதி பதினாறு நாள் கிடக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எனக்கு அது தெரியும்.

நான்காம் நாள் சாயந்திரம் மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. மருந்து பிடிக்க வேண்டும். முகத்தில் மாஸ்க்கை வைக்க அவள் விடமாட்டாள், ஒரு யானைக் குட்டிப் பாட்டு ஓடினால்தான் பத்து நிமிடம் அசையாமல் இருப்பாள். போனில் போட்டேன். அக்காவின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். கருமாதி என்றைக்கு, எப்படி வருவது என்று நிமிடத்துக்கொரு அழைப்பு. பாட்டு நிற்கும், அவள் மாஸ்க்கைப் பிடுங்குவாள், அழுவாள், அழுதால் இழுப்புக் கூடும். கணவர் கருமாதிச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

நான் அவளையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு தியேட்டர் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். பலகை அடித்திருக்கிறதே, வெளியே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷினின் குர்ர் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று அவள் கையை ஆட்டினாள். கூட்டினேன். மூலையில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி தும் தும் என்று அதிர்ந்தது. அதை மட்டும் எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

பத்து நிமிடமும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தட்டவில்லை. அப்பாடா, கேட்கவில்லை என்று நினைத்தேன். தட்டுகிற மனுஷர் இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பிறகு ஒரு ஃபிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன். உள் அறையில், எங்கள் அறையைத் தொட்ட அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பாவுக்கு மருந்து புடிச்சாச்சா?"

"ஆச்சுக்கா" என்றேன். தேநீரை ஊற்றி நீட்டினேன்.

அது மருந்து பிடிக்கும் நேரம்தான். அக்கா தினமும் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த யானைக் குட்டிப் பாட்டு எதற்கு ஓடும் என்பதும் அக்காவுக்குத்தான் தெரியும். காலையில் அவரும் அதைப் போட்டுத்தான் மருந்து பிடிப்பார். நேரம் பார்த்துக் கேட்டாரா, பாட்டைக் கேட்டுவிட்டுக் கேட்டாரா?

கருமாதி முடிந்த மறுவாரம் கணவரிடம் அதே பாட்டை அதே அளவில் போடச் சொன்னேன். மகளின் தொப்பியை எடுக்கப் போகிற மாதிரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள் அறையில் நின்றேன். வார்த்தை தெளிவில்லை. ஆனால் அந்தத் தும் தும் சுவர் வழியாக வந்து தரையில் இறங்கியது. மெட்டும் மேலிருந்து கேட்டது.

கொழும்புக் கடைக்குப் போன் செய்து கத்தினேன். நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார், "மிஸ், இது ரூமுக்குள்ள எதிரொலியக் கொறைக்கிற சாமான். உள்ள இருக்கிறவங்களுக்கு வசனம் தெளிவாக் கேக்கும். வெளிய போறதத் தடுக்கிறது வேற வேல. நீங்க அதக் கேக்கவே இல்லயே." ஆமாம், நான் கேட்கவே இல்லை.

அன்று கணவர் சீலிங் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். பொதுச் சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கூரைவரை வெறும் வெளி. அந்தப் பக்கத்துச் சீலிங் இடுக்கில் அக்கா வீட்டு பல்ப் வெளிச்சம் தெரிந்ததாம். அக்கா கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் மணக்கும். எத்தனை வருடமாக மணக்கிறது! மணம் வரும் வழியில் சத்தம் போகாதா? இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

இப்போது கணவர் சொல்கிறார், சுவரைக் கூரைவரை கல் வைத்து உயர்த்திவிடலாம், அதன்மேல் இன்னொரு அடுக்கும் அடித்துவிடலாம் என்று. அதற்கு அக்கா வீட்டுச் சீலிங்கையும் கழற்ற வேண்டும். ஏன் என்று அக்கா கேட்பார். என்ன சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. அக்கா இப்போது தனி ஆள். மகன்கள் இரண்டு பேரும் கொழும்பில், மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். காலையில் அவர் இருமுவதும், தேங்காய் துருவுவதும் அந்தக் கூரை வெளி வழியாகத்தான் எனக்குக் கேட்கிறது. அது கேட்ட பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அடைத்துவிட்டால், அவர் விழுந்து கிடந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. இதைச் சொன்னால் கணவர், "அப்ப ரூமக் கட்டிப் பூட்டி வெச்சிருக்கதுதான் முடிவா?" என்று கேட்கிறார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. மறுபடியும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் படம் பார்க்கிறார், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

அக்கா முன்பெல்லாம் விடியற்காலையில் ரேடியோவில் சாமிப் பாட்டு வைப்பார். கருமாதி முடிந்து இத்தனை நாளாகியும் அவர் ரேடியோவைத் தொடவில்லை. துக்கமா, அல்லது எனக்கு எதையோ உணர்த்தவா? மகளை எப்போதும் போலத்தான் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்து, "இன்னிக்கு இழுப்பு இல்ல டீச்சரு, நீ போ" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

இதை வாசிப்பவர்களில் ஒட்டு வீட்டில், லயத்து வரிசை வீட்டில், ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சுவரை உயர்த்தாமல், பிள்ளையின் நெஞ்சுக்கும் கெடுதல் இல்லாமல், அந்தத் தும் தும்மைக் குறைக்க வழி தெரிந்தால் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, நீங்களாக இருந்தால் அக்காவிடம் அந்தச் சாயந்திரத்தைப் பற்றி நீங்களே வாய்விட்டுச் சொல்வீர்களா? அவருக்குக் கேட்கவே இல்லை என்றால், நான் போய்ச் சொல்வதுதான் அவரை நோகடிக்கும். கேட்டிருந்தால், நான் சொல்லாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் நோகடித்துக்கொண்டிருக்கும். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.