ராணி வைக்கோல் தின்ற மூன்று நாள்

பாரிவாக்கத்து வேம்புலியம்மாள் இறந்தபோது எந்தப் பத்திரிகையும் செய்தி போடவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

அவர் கூலிக்கு நாற்று நட்ட வயலில் 1964இல் தொழிற்சாலை எழும்பியது. அது நாட்டுக்கு என்னென்னவோ தந்தது, வைக்கோல் மட்டும் தரவில்லை. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட, மிஞ்சியது ராணி என்ற பசு. அது கறந்தால்தான் வீட்டில் உலை.

ஆகவே பூவரசந்தழை, வாழைத்தண்டு, சந்தையில் கழித்த முட்டைக்கோஸ் இலை எல்லாம் தீவனமாயின. ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தழையை நிழலில் வாட்டி, உப்புத்தண்ணீர் தெளித்து, பிடி பிடியாக இரண்டு மாதம் ஊட்டிப் பழக்கினார்.

"இன்னாக்கா, மாடு வளக்கறியா, ஆடு வளக்கறியா?" என்றார் பக்கத்து வீட்டுத் துலுக்கானம்.

"உம் பொண்டாட்டி ஆக்கறத நீ துன்னுகினு கீறல்ல? இதுவும் துன்னும்."

தின்றது. பாலும் குறையவில்லை. புகழ் பரவி, 1969இல் பூந்தமல்லியில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. ராணிக்குப் பந்தல், மாலை, 'தழை தின்று பால் தரும் பசு' என்று ஓர் அட்டை. தழைகளைப் பெயர் எழுதி மேசைமேல் அடுக்கினார்கள். தொட்டியில் புது வைக்கோலும் புண்ணாக்கும் கொட்டினார்கள்.

"தழ துன்ற மாட்டுக்கு இன்னாத்துக்குய்யா வைக்கோலு?"

"பெரியவங்க பாக்க வர்றாங்கம்மா. மாடு தெம்பாத் தெரிய வேணாமா?" என்றார் அதிகாரி.

மூன்று நாள் ராணி தெம்பாகத் தெரிந்தது. முதல் பரிசாக ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

நான்காம் நாள் வீட்டில் தழையை நீட்டினார். ராணி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. உப்புத்தண்ணீர், வெல்லத்தண்ணீர், கெஞ்சல் எதற்கும் மசியவில்லை. "துன்னும்மா, ஊட்ல வேற இன்னா கீது?" ஒன்பது நாளில் மடி வற்றி, விலா எலும்பு தெரிந்தது. பத்தாம் நாள் வேம்புலியம்மாளே அதைப் பாடி என்ற ஊருக்கு ஓட்டிப்போய், வைக்கோல்போர் வைத்திருந்த பால்காரர் சண்முகசுந்தரத்திடம் விற்றுவிட்டு வந்தார்.

பிறகு அதே தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது: வளாகத்தில் உதிரும் பூவரசிலைகளைக் கூட்டிக் கொளுத்துவது. கொளுத்துமுன் நல்ல இலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு பாடிக்குப் போனார்.

ராணி கொழுத்திருந்தது. அவர் கையிலிருந்து ஒவ்வொரு இலையாகத் தின்றது. கடைசியில் உள்ளங்கையையும் நக்கியது.

"வவுறு ரொம்பிகீது, எத்த குட்த்தாலும் துன்னும். இனிமே எட்தாராதக்கா, பாலு நாறும்" என்றார் சண்முகசுந்தரம்.

"சரிப்பா" என்றார் வேம்புலியம்மாள்.

மறுநாள் முதல் அவர் இலைகளைப் பொறுக்கவில்லை. கூட்டினார், குவித்தார், நெருப்பு வைத்தார்.