கடலுக்குக் கீழே போனவனைக் கரைசேர்ப்பது எப்படி

பத்திராதிபரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகையின் பக்கங்கள் பாதியாகக் குறைகின்றன, தங்கள் தொடர்கதையைத் தயவுசெய்து அடுத்த அத்தியாயத்தோடு முடித்துத் தரவும் என்று எழுதியிருந்தார். தயவுசெய்து என்று எழுதுவது சுலபம். என் கதாநாயகன் அப்போது கடலுக்குக் கீழே இருந்தான். அவனை மேலே கொண்டுவர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அதைவிட மோசம், அவன் வருவானா மாட்டானா என்று என் அக்காவும் காத்துக்கொண்டிருந்தாள்.

அது யுத்தகாலம். சுருவில் என்ற தீவுக் கிராமத்தில், தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். நான் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். அக்காவின் புருஷன், என் அத்தான், மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கர். கலியாணம் முடித்த கையோடு, வீடு கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர். மலாயா யப்பான்காரன் கையில் விழுந்ததும் அவருடைய கடிதங்கள் நின்றுபோயின. கூப்பன் அரிசிக்கு நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே நிலைதான். அதனால் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

கதையை நான் அதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். 'தீவான்' என்று புனைபெயர் வைத்திருந்ததால், வாசகர்கள் என்னை மீசை வைத்த ஆள் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. பெண்சாதியைத் தவிர வேறு நாதியில்லாத ஒருவன் சங்கு குளிக்கப் போகிறான். போன இடத்தில் கடலுக்குக் கீழே இருக்கும் ஓர் இராச்சியத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். மேலே அவள் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

மாயக்கதை என்றால் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதலாம் என்பது பொதுவான எண்ணம். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. முதல் அத்தியாயத்தில் பவள மாளிகை, முத்துப் பந்தல், நாககன்னிகைகள் என்று அள்ளிக் கொட்டி, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அங்க நல்ல தண்ணிக்கு என்ன செய்யினம்?"

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணியடி. தரையில இருக்கிற எங்களுக்கே ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அரை மைல் நடக்கவேண்டிக் கிடக்கு. சுத்திவர உப்புக்குள்ள இருக்கிறவை எங்க போவினம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாககன்னிகையைப் பற்றி வாசித்தால் இவள் கிணற்றைக் கேட்கிறாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடைசியில் மாளிகையை இடித்துவிட்டு, இராச்சியத்தின் நடுவில் ஒரேயொரு நல்ல தண்ணிக் கிணற்றை வைத்தேன். அதற்கு ஒரு காவல், முறை வைத்துத் தண்ணீர் அள்ளுதல், முறை மீறினால் சண்டை. அதன்பிறகுதான் அந்த இடத்தில் ஆட்கள் இருப்பது போல எனக்கே பட்டது. வாசகனைப் பெரிய பொய் ஒன்றை நம்பச் சொல்லலாம்; சுற்றியுள்ளதெல்லாம் அவன் தினமும் படும் பாடாக இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் இரகசியம் இவ்வளவுதான்.

பிறகு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நினைத்த நேரத்தில் மேலே வரலாம் என்றால் அவனுக்காக யார் பயப்படுவார்கள்? ஆகவே இப்படி வைத்தேன்: மேலே அவனை நினைக்க ஒருவருமே இல்லாத நாளில்தான் வெளிவாசல் திறக்கும். அவள் மறந்தால் அவன் வரலாம். நினைத்துக்கொண்டிருக்கும்வரை வர முடியாது. இதைக் கேட்டதும் அக்காவின் கை நின்றது. "சீ, பொல்லாத சட்டம்" என்றவள், சற்றுப் பொறுத்து, "நல்லாயிருக்கு" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அத்தானின் கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

கடிதங்கள் நின்றபிறகு அந்தச் சட்டத்தைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களில் அவனைக் கிணற்றுக் காவலில் நிறுத்திக் காலம் கடத்தினேன்.

இதற்கிடையில் அத்தானின் தமையன் வேலணையிலிருந்து அடிக்கடி வரத் தொடங்கினார். தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, செய்யவேண்டிய கிரியைகளைச் செய்துவிடுவோம், தம்பியின் ஆத்மா அலையவேண்டாம் என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அது நடந்தால் அக்காவின் கழுத்தில் தாலி இராது.

"செத்ததை ஆர் கண்டது?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கிறதை ஆர் கண்டது, பிள்ளை?" என்றார் அவர்.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு விரதத்துக்கு மேல் விரதம். இருக்கிற விரதங்கள் போதாமல் அவளே சிலவற்றை உண்டாக்கினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இவளும் என் கையை விட்டுப் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பத்திராதிபரின் அட்டை வந்தது.

அவளைத் தேற்றவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு எழுதினேன். அவன் அழுகையைக் கண்டு சமுத்திரராசனுக்கு இரக்கம் உண்டாகிறது, வாசலைத் திறந்துவிடுகிறான், கதாநாயகன் கரையேறுகிறான். வாசித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உந்த ராசா இவ்வளவு நாளும் எங்க கிடந்தவர்?" என்றாள்.

"இப்பதான் இரக்கம் வந்தது, அக்கா."

"இண்டைக்கு வந்த இரக்கம் முதல் நாளே வந்திருக்கலாமே. அப்ப அந்தப் பெட்டை இவ்வளவு காலமும் அழுதது என்னத்துக்கு? நீ கடதாசி நிரப்பவோ?"

"உனக்காகத்தான் எழுதினனான்."

"தெரியும். அதாலதான் கோவம் வருகுது. ஆரோ ஒருதர் இரங்கி இவரை அனுப்பிவைப்பார் எண்டு நான் நம்பத் தொடங்கினால், இவர் வராத ஒவ்வொரு நாளும் என்ர விரதம் போதாது எண்டு ஆயிடும். என்னால அது ஏலாது."

"அப்ப அவள் அவனை மறந்து துலைக்கட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். கதைக்காகவா அத்தானுக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை முற்றத்தில் பனங்கிழங்கைக் கீறி ஒடியலுக்குக் காயவைத்துக்கொண்டிருந்தோம். "ஒரு வழி கிடக்கு" என்றாள் அக்கா. "வெளிய வாறதுக்குத்தானே நீ சட்டம் வைச்சனி? உள்ளுக்குப் போறதுக்கு ஒண்டும் எழுதேல்லை. அவள் போகட்டும்."

"எங்க?"

"அவனட்டை. கடலுக்குள்ள இறங்கி நடக்கட்டும். அவளும் போயிட்டால் மேல அவனை நினைக்க ஆர் இருக்கினம்? ஒருதரும் இல்லை. வாசல் தானாத் திறக்கும். ரெண்டு பேரும் வரலாம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சட்டத்தையும் உடைக்கவில்லை, ஒரு தெய்வத்தையும் கூப்பிடவில்லை, அவளுடைய காத்திருப்பும் வீண்போகவில்லை. நான் வைத்த பூட்டுக்கு நானே தேடிக் காணாத திறப்பு அது. எத்தனை வருஷம் எழுதினாலும் இப்படி ஒரு முடிவு எனக்குத் தோன்றியிராது. ஓடிப்போய்ப் பேனையை எடுக்கவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் இல்லாத அமைதி அதில் இருந்தது. அவளுக்குப் பின்னால் கொடியில் அவளுடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல்வரை உப்புப் பூத்திருந்தது. எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. வெகுதூரம் உள்ளே நடந்தால்தான் அவ்வளவுக்கு நனையும்.

"கடலுக்கு ஏன் போனனி?" என்றேன்.

"சும்மா. கால் நனைக்க" என்றாள், ஒடியலைப் பரப்பிக்கொண்டே.

அந்த முடிவை நான் எழுதவில்லை. மேசையில் இருந்தால் வசனம் வசனமாக வந்தது. எழுதச் சொல்லிக் கை துடித்தது. கதையில் அவர்கள் கைகோத்துக்கொண்டு கரையேறுவார்கள். சுருவில் கடலில் யாரும் அப்படி ஏறப்போவதில்லை. அச்சில் அதைக் கண்டால் அவளுக்கு அதுவே அனுமதியாகிவிடும் என்று பயந்தேன். கிழித்துப் போட்டிருந்த சமுத்திரராசனின் இரக்கத்தைத் திரும்ப எழுதி, போதாததற்கு அவன் கையால் ஒரு முத்துமாலையும் கொடுக்கவைத்து, மனம் மாறுவதற்குள் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டேன். சிறிய பிள்ளைகளுக்குத் தையல் பழக்க ஆள் வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி, அக்காவையும் என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். கிணற்றடிக்குப் போனாலும் பின்னாலேயே போனேன். "என்னடி, நிழல் மாதிரி?" என்று எரிந்து விழுவாள். விழட்டும்.

பத்திரிகை வந்ததும் நின்ற நிலையில் வாசித்தாள்.

"பயந்தாங்கொள்ளி" என்றாள்.

"ஓம்" என்றேன்.

'தீவான்' கதையை முடிக்கத் தெரியாமல் முடித்துவிட்டார் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிறகு பத்திராதிபர் என்னிடம் தொடர்கதை கேட்கவேயில்லை. எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்றால் பொய்.

யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியபோது, அத்தானோடு வேலை செய்த காரைநகர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். யப்பான்காரன் அத்தானைச் சயாம் தேசத்துக் காட்டுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனதையும், அங்கே காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்ததையும் சொன்னார். கணக்குப் பார்த்தால், கதாநாயகனை எப்படிக் கரைசேர்ப்பது என்று நாங்கள் குசினியில் சண்டை பிடித்த நாட்களில் அத்தான் உயிரோடு இல்லை.

தமையன் வந்து கிரியைகளைச் செய்தார். தாலியைக் கழற்றினார்கள். வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மற்ற முடிவை எழுதியிருந்தால், நான் இண்டைக்கு இதைப் பாத்திருக்கத் தேவையில்லை" என்றாள்.

சோற்றைக் கோப்பையில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு முதல் பிடி அள்ளும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.