சக்கரத்துக்கு மேலே ஒரு தகடு

காரின் பின்சக்கரத்துக்கு மேலே கைவிட்டு டாக்டரம்மா பிடுங்கியபோது பொத்தென்று விழுந்த செம்மண் கட்டியில் புல் முளைத்திருந்தது. வெயில் காணாத, வெளிறிய புல். கட்டியோடு தகடும் பிய்ந்து வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியே, நாங்கள் மருந்துப்பெட்டி வைக்கும் இடம் தெரிந்தது.

வல்லத்திராக்கோட்டையில் அவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள். கார் அவருடைய கணவர் வாங்கியது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறி வந்த பந்தயக் கார். ரெண்டே சீட்டு, தரையை ஒட்டிய உடம்பு. கணவர் காய்ச்சலில் இறந்ததும், அதை விற்கச் சொல்லாத உறவினர் இல்லை. டாக்டரம்மா ஓட்டக் கற்றுக்கொண்டு, பிரசவம் பார்க்கப் போய்வர வைத்துக்கொண்டார். வழவழப்பான சாலைக்கென்று செய்த வண்டி கண்மாய்க் கரைகளில் ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் சக்கரங்களுக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டில் சேறு அப்பி, ஈரத்தோடு அங்கேயே தங்கி, உள்ளுக்குள்ளேயே துரு தின்றிருக்கிறது. வெளியே பச்சை வண்ணம் பளபளத்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா அந்தக் கட்டியைப் பிடுங்கியதற்கு முந்தின நாள்தான் அது தெரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில் இற்ற தகடு தொங்கி டயரைக் கிழித்துவிட்டது. மாற்று டயர் போட்டாலும் அதையும் கிழிக்கும். சேற்றில் நடந்தே போனோம். நாங்கள் போனபோது தாய்க்கு உயிர் இருந்தது, பிள்ளைக்கு இல்லை. "செத்த நேரம் முந்தி வந்திருந்தீங்கன்னா..." என்றாள் அந்தப் பெண்ணின் ஆத்தா. மறுநாள் காலையில் டாக்டரம்மா மாடு பூட்டிக் காரை இழுத்துவரச் செய்து, சாக்கை விரித்து அதற்கடியில் படுத்துவிட்டார்.

பிறகு புதுக்கோட்டைக்கும் அப்படியே இழுத்துப்போனோம். அங்கே வெல்டிங் வேலை செய்பவர் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "தகடு எங்கங்க இருக்கு? துருதான் இருக்கு. பழைய இரும்புக்குப் போட்டுருங்கம்மா."

"போட்டுட்டு நான் எதுலங்க போறது?"

இந்த வளைவில் தகடு எங்கும் கிடைக்காது என்றார் வெல்டிங்காரர். இடது பக்கம் அவ்வளவாக இற்றுப்போகவில்லை. அதன் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி அளவெடுத்தோம். ஒரு கைக்கு வெட்டிய துணியைத் திருப்பிப் போட்டால் மறு கைக்கு ஆகும் என்பது ரவிக்கை தைக்கிற எனக்குத் தெரியும். காகிதத்தையும் அப்படியே திருப்பினோம். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க் இருப்பதால் நெருப்பு வைக்கமாட்டேன் என்றார் வெல்டிங்காரர். டாக்டரம்மா தாமே திருகுகளைக் கழற்றி டாங்கை இறக்கினார். பீப்பாய்த் தகட்டை வெட்டி, பள்ளம் குடைந்த புளியங்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்து, ஒருவழியாக இரண்டு பக்கமும் பற்றவைத்தார் வெல்டிங்காரர். நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அமுங்கி, டயர் புதுத் தகட்டில் உரசியது.

மறுபடி செய்யச் சொன்னதும் வெல்டிங்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்புட்டையும் வெட்டி எறியச் சொல்றீங்களா?"

"பிள்ளை குறுக்க கெடந்தா திருப்பித்தானே எடுக்கணும்? அலுப்பா இருக்குன்னு நான் எந்திரிச்சுப் போயிர முடியுமாங்க?"

அவர் சிரித்துவிட்டு உளியை எடுத்தார். இந்த முறை எங்களை வண்டியில் உட்காரவைத்தே அளவெடுத்தார். பற்றவைத்த இடங்களில் செந்நிறத் துருத்தடுப்பு வண்ணம், அடியில் தார், தண்ணீர் வடியத் தாழ்ந்த இடத்தில் ஓர் ஓட்டை. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். வேலை முடியும்வரை டாக்டரம்மா மாட்டுவண்டியில்தான் போய்வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் கண்மாய்க்கு அப்பால் ஒரு கிராமத்தில், தலைப்பிரசவம். விடியற்காலையில் வலி கண்டும் மதியம்வரை பிள்ளையின் தலை இறங்கவில்லை. ஆபரேஷன் செய்யப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். மாட்டுவண்டி என்றால் பொழுது போய்விடும். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீ இங்கிட்டே இரும்மா. உன் சீட்ல அவளை ஏத்துவோம்."

சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து அவளை ஏற்றினோம். இன்று அந்தக் கரைமேல் தார் ரோடு, பஸ் போகிறது. அன்று கரையா வாய்க்காலா என்று தெரியாத சேறு. வண்டி நகர்ந்ததும் தகட்டில் மண் அறையும் சத்தம் கேட்டது. உரசல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பனைகளுக்குப் பின்னால் வண்டி மறைந்த பிறகும் இரைச்சல் சீராகவே கேட்டது.

"போய்ச் சேந்துருமா நர்ஸம்மா?" என்றாள் மாமியார்க்காரி.

"சேந்துரும் ஆத்தா." என்றேன்.

மறுநாள் காலையில் கதவுவரை சேறு அப்பிய வண்டி கரைமேல் வந்தது. ஊரே ஓடியது. டாக்டரம்மாவுக்குக் கண்கள் சிவந்திருந்தன. "ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. பொம்பளப் பிள்ளை" என்றார். மாமியார்க்காரி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தூக்கிவிட்டு, காப்பி குடிக்கச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டாக்டரம்மா எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா. ஆஸ்பத்திரியில ஆளுக காத்துக் கெடப்பாங்க."

அவளை ஏற்றிப்போன சீட் இன்னும் ஈரமாக இருந்தது. நான் கதவைச் சாத்துவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.